எண்ணெயில் நனைந்த கூழைக்கடாவும் உங்கள் கையில் இருக்கும் போனும்

திருவொற்றியூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காது குத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் எடுப்பேன். பறவை ஆர்வலன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு விஷயம் தெரிந்தவன் கிடையாது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன கையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, எங்கள் பக்கத்து ஆட்கள் எடுத்த படங்களை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் வேலை என் கடைக்கு வந்து சேர்ந்தது. மனு போட ஒருவர் கேட்டார், பத்திரிகைக்கு ஒருவர், வக்கீல் ஒருவர். வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் எதற்கும் உதவவில்லை. யார் எடுத்தது, எந்த இடம், எந்த நாள், ஒன்றும் தெரியாது. நெஞ்சு முழுக்கக் கறுத்த கூழைக்கடா ஒன்று பரிதாபமாக உட்கார்ந்திருக்கும். மேலே சிவப்பு எழுத்தில் 'இதற்கு யார் பொறுப்பு?' என்று போட்டிருக்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பொறுப்பு யார் என்று நிறுவ அந்தப் படத்தால் முடியாது.

எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள், திட்டினார்கள், பொங்கலுக்குள் அடங்கியும் விட்டார்கள். அடுத்த முறை அப்படிப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அடுத்த முறை வரும். இதே கடலோரத்தில் 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் கறுப்புக் களி ஒதுங்கி, மக்கள் வாளியால் அள்ளினார்கள். ஏழு வருடம் முடிவதற்குள் மறுபடியும் குவளையும் வாளியுமாக மீனவர்கள் ஆற்றில் இறங்கினார்கள்.

2023இல் நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணலித் தொழிற்பேட்டை வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் கலந்து, எண்ணூர் கழிமுகத்தை நிரப்பி, கடலுக்குப் போனது. கேள்விக்கு உள்ளானது பொதுத்துறைச் சுத்திகரிப்பு நிறுவனமான சென்னை பெட்ரோலியம். தங்கள் குழாய் எதிலும் கசிவு இல்லை, வெள்ளம்தான் காரணம் என்ற மாதிரி நிறுவனம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. 'வெள்ளம் அடித்துக்கொண்டு போனது' என்று ஒரு தரப்பு சொல்லும்போது, எங்கிருந்து அடித்துக்கொண்டு போனது என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டியது கரையில் நிற்கும் நாம்தான்.

முதலில் உங்கள் உடம்பு

பறவையைப் பார்த்ததும் பாய்ந்து தண்ணீரில் இறங்காதீர்கள். எண்ணெய் புதிதாக இருக்கும்போது கிளம்பும் ஆவி தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல் எல்லாம் தரும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி நில்லுங்கள். தூசிக்குப் போடும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. தலை சுற்றினால் வெளியே வந்துவிட வேண்டும், வீரம் காட்டக்கூடாது. ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய ரப்பர் கையுறை எண்ணெய் பட்டால் ஊறிப் பிய்ந்துவிடும். நீல நிறத்தில் 'நைட்ரில்' என்று விற்கும் கையுறையை வாங்குங்கள், மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். தோலில் பட்டதை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. வேண்டாம், தோல் இன்னும் எரியும். தேங்காய் எண்ணெய் தடவி, பழைய துணியால் துடைத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பறவை

இறகு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பறவையின் இறகுகள் ஓலைக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி நிற்கின்றன. ஒவ்வொரு இறகிலும் நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். எண்ணெய் பட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும். தண்ணீர் தோல் வரைக்கும் இறங்கும். உடம்புச் சூடு குறையும், மிதக்கும் சக்தி போகும். பறவை அலகால் கோதிச் சுத்தம் பண்ணப் பார்க்கும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போய் ஈரல், சிறுநீரகம், ரத்தம் என்று எல்லாவற்றையும் கெடுக்கும். வெளியே லேசாகக் கறை பட்ட பறவை நாலு நாள் கழித்துச் சாவது இதனால்தான்.

பறக்க முடிகிற பறவையைத் துரத்தாதீர்கள். எண்ணூரில் எண்ணெய் பட்ட கூழைக்கடாக்களைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்ததற்குக் காரணமே அவை பறந்துகொண்டிருந்ததுதான். துரத்தினால் மிச்சமிருக்கும் தெம்பும் போய்விடும். எந்த இடத்தில் வந்து உட்காருகிறது, எந்நேரம், கூட எத்தனை என்று குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் பகுதி வனச்சரக அலுவலக எண்ணை இப்போதே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குத் தேடினால் கிடைக்காது. கடலில் எண்ணெய் என்றால் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. எண்ணெய்க் கசிவைக் கடலில் சமாளிக்க ஒருங்கிணைக்கும் பொறுப்பு நாடு முழுக்க அவர்களுடையது.

கரையில் சுருண்டு கிடக்கிறது, நாய் வருகிறது, வனத்துறை ஆள் வர நேரமாகும், எடுத்தே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பெரிய துண்டு ஒன்றைப் பின்பக்கமிருந்து தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். கண் மறைந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். இறக்கையை மடக்கி உடம்போடு அணைத்து, தலை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். கொக்கு, நாரை என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்; அவை கண்ணைப் பார்த்துத்தான் குத்தும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெயில் கண்ணாடி இருந்தாலும் போதும்.

கூழைக்கடா விஷயத்தில் ஒன்றை மறக்கவே கூடாது. அலகு கொத்துமோ என்று பயந்து ரப்பர் பேண்டோ கயிறோ போட்டு அதன் வாயை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். கூழைக்கடாவுக்கு வெளி மூக்குத்துளை அடைபட்டிருக்கும், அது வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. நீர்க்காகமும் அப்படியே. வாயைக் கட்டினால் எண்ணெயிலிருந்து காப்பாற்றி மூச்சுமுட்டிக் கொன்ற கணக்காகிவிடும். அலகைக் கையால் பிடிக்கும்போதும் நடுவில் ஒரு விரலைக் கொடுத்து இடைவெளி விட்டுப் பிடியுங்கள்.

காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட பெரிய அட்டைப் பெட்டி, அடியில் துணி. நிழலில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பெட்டியைச் சுற்றி ஊரே நின்று செல்ஃபி எடுத்தால் அந்தப் பயத்திலேயே செத்துவிடும். மீன் ஊட்டாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

குளிப்பாட்டவே குளிப்பாட்டாதீர்கள். 'ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டோம், பறந்துவிட்டது' என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயிற்சி பெற்றவர்கள்கூட முதல் ஒன்றிரண்டு நாள் கழுவ மாட்டார்கள். உடம்புச் சூட்டைச் சரிசெய்து, திரவம் ஏற்றி, ரத்தம் பார்த்து, தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் கழுவுவார்கள். அதுவும் 40 டிகிரிச் சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், தொட்டி மாற்றித் தொட்டி, இரண்டு மூன்று பேர். கடைசியில் அலசுவதுதான் பெரிய வேலை. இறகில் சோப்பு மிச்சமிருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். கடற்கரைக் குழாயடியில் குளிர்ந்த தண்ணீரில் பாதி எண்ணெயும் பாதிச் சோப்புமாக விட்ட பறவை பறந்தது உங்கள் கண்ணுக்குத்தான் தெரிந்தது; எங்கே போய் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

செத்துக் கிடந்தால் புதைக்காதீர்கள், கடலில் தள்ளாதீர்கள். கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, வனத்துறையிடம் ஒப்படைத்து, பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியபோது 35,000க்கு மேற்பட்ட பறவைச் சடலங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மூழ்கியதும் கிடைக்காமல் போனதும்தான் அதிகம் என்பதால், செத்தவை இரண்டரை லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பெரிய எண்ணுக்கு அடித்தளம் கையில் கிடைத்த சடலங்கள்தான். நம் ஊரில் நாய் இழுத்துப் போனதைக் கணக்கில் சேர்க்க யாரால் முடியும்?

ஆமை ஒதுங்கினால் அவசரப்பட்டு எண்ணெய்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வரும் காலம் ஜனவரியில் தொடங்கும். எண்ணெயே இல்லாத வருடத்திலும் இழுவலையில் மாட்டிச் செத்து ஒதுங்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கியது அப்படித்தான் என்ற சந்தேகம் பலமாக எழுந்தது. வாய்க்குள், கண்ணோரத்தில், துடுப்பின் மடிப்பில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். ஒரு தப்பான ஆமை போதும், உங்கள் பத்து சரியான கூழைக்கடாவையும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒதுக்கித் தள்ள.

படம்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன் கேமராவில் இருப்பிடத்தை முதலில் ஆன் செய்யுங்கள். தேதி, நேரம், இடத்தைப் படத்தின் மேலேயே அச்சடிக்கும் ஜிபிஎஸ் மேப் கேமரா மாதிரிச் செயலிகளை அரசு ஊழியர்களே பயன்படுத்துகிறார்கள். அது நல்லதுதான், ஆனால் அதே காட்சியை எழுத்து எதுவும் விழாமல் சாதாரணக் கேமராவிலும் ஒன்று எடுங்கள்.

கல்யாண வீட்டில் மண்டபத்தின் வாசல், மேடை, தாலி என்று மூன்று தூரத்தில் எடுப்போம். இங்கேயும் அதேதான். தூரத்துப் படத்தில் அசையாத பொருள் ஒன்று விழ வேண்டும்: அனல்மின் நிலையப் புகைபோக்கி, பாலம், கோயில் கோபுரம், எண் எழுதிய மின்கம்பம். நடுத்தூரப் படத்தில் பறவையும் அது இருக்கும் கரையும் தெரிய வேண்டும். நெருக்கப் படத்தில் எண்ணெய் உடம்பில் எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் இறக்கையின் அடிப்பக்கம் ஒன்று. செத்த பறவை, நண்டு, களி இவற்றின் பக்கத்தில் அளவுக்கு ஏதாவது வையுங்கள். டெய்லர் டேப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

இனி தண்ணீர்மேல் படர்ந்த எண்ணெய். எல்லோரும் வானவில் நிறத்தைத்தான் எடுக்கிறார்கள், அழகாக விழும். ஐரோப்பிய நாடுகள் கடலில் எண்ணெயை அளவிடப் பயன்படுத்தும் பான் உடன்படிக்கை நிறக்குறியீடு ஒன்று இருக்கிறது. வெள்ளி மாதிரி மினுங்கினால் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வானவில் என்றால் 0.3 முதல் 5 மைக்ரான், உலோகப் பளபளப்பு என்றால் 5 முதல் 50. எண்ணெயின் சொந்த நிறமே, அதாவது கறுப்போ பழுப்போ, தொடர்ச்சியாகத் தெரிந்தால் 200 மைக்ரானுக்கு மேல். ஆகவே லைக் வாங்கும் வானவில் படம் மிகக் குறைந்த எண்ணெயைத்தான் காட்டுகிறது. பார்க்கவே சகிக்காத, களிமண் போல மந்தமாக விழும் கறுப்புப் பட்டைதான் உங்களுக்கு வேண்டிய படம். இரண்டையும் எடுங்கள், கறுப்பு எங்கே முடிந்து வானவில் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையையும் எடுங்கள். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்க ஒன்று, பக்கவாட்டில் இருக்க ஒன்று.

தேங்கிய தண்ணீரில் மினுமினுப்பாக இருப்பதெல்லாம் பெட்ரோலிய எண்ணெய் கிடையாது. இரும்புச் சத்துள்ள சேற்றில் பாக்டீரியாவாலும் அப்படி ஒரு படலம் வரும். குச்சியால் கலக்கிப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக நிற்கும். எண்ணெய் சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடிவிடும். கலக்குவதை வீடியோவாகவே எடுத்துவிடுங்கள், பத்து நொடி போதும்.

எடுத்த படத்துக்கு ஃபில்டர் போடாதீர்கள், வெட்டாதீர்கள், பிரகாசம் கூட்டாதீர்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, உள்ளே இருக்கும் தேதி, இட விவரத்தையும் உதிர்த்துவிடும். 'டாகுமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். அசல் உங்கள் போனிலேயே இருக்கட்டும். நகல் ஒன்று பென்டிரைவிலும் ஒன்று மெயிலிலும் இருக்கட்டும். போனை மாற்றும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவி, யார் வசம் இருந்தது, கோப்பின் ஹாஷ் எண் என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடும் ஒரு நீளமான எண். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் அசல் இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம். காட்டுக்குப்பத்தில் வயதான ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா தம்பி, பட்சிக்கு மட்டும் படம் புடிக்கிறே. என் வலையப் பாரு, இத யாரு புடிப்பா?" வலை முழுக்கத் தார் பூசிய மாதிரி இருந்தது. கையை விரித்துக் காட்டினார், ரேகைக்குள் எல்லாம் கறுப்பு. ஊர் உலகமெல்லாம் கூழைக்கடாவுக்காகக் கொதித்தபோது ஆற்றோரத்து ஜனங்களுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது உண்மை. அதனால் பறவையோடு சேர்த்து நண்டு, இறால், மடவை, அலையாத்தி மரத்தின் மூச்சுவேர், வலை, படகு, ஆட்களின் கை கால் எல்லாவற்றையும் எடுங்கள். ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். வழக்கில் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்: மடவைக்கு என்ன ஆனதோ அதைத் தின்னும் கூழைக்கடாவுக்கும் அதுதான், வலைபோட்ட வீட்டுக்கும் அதுதான்.

எங்கிருந்து வந்தது

எண்ணெயைப் பார்த்த இடத்தில் நின்றுவிடாமல் தண்ணீர் வரும் திசையில் மேலே மேலே போங்கள். ஒவ்வொரு பாலத்திலும் நின்று இரண்டு பக்கமும் எடுங்கள். ஒரு வடிகால் வந்து சேரும் இடம் என்றால் அதற்கு மேல்பக்கம் ஒன்று, வாயில் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. மேலே சுத்தமாகவும் கீழே கறுப்பாகவும் இருந்தால் அந்த மூன்று படமும் ஒரு பக்கக் கட்டுரைக்குச் சமம். பொதுச் சாலை, பாலம், ஆற்றங்கரையில் நின்று எடுங்கள்; சுவர் ஏறிக் குதிக்காதீர்கள். கழிமுகத்தில் தண்ணீர் ஏறும்போது எண்ணெய் மேலே திரும்பி வரும், வடியும்போது கடலுக்குப் போகும். ஆகவே எடுத்த நேரத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா வடிந்துகொண்டிருந்ததா என்று எழுதி வையுங்கள். அந்த ஊர் மீனவரைக் கேட்டால் கடிகாரம் பார்க்காமல் சொல்வார். இதைக் குறிக்காத படத்தை வைத்துக்கொண்டு 'கடலில் போன ஏதோ கப்பல் கொட்டியது' என்றுகூட வாதாடலாம்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேதியியல் கைரேகை உண்டு. ஆய்வகத்தில் ஒப்பிட்டால் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். அதற்கு மாதிரி வேண்டும். அகலவாய்க் கண்ணாடிப் பாட்டிலில் (ஊறுகாய் பாட்டில் கழுவிக் காயவைத்தது போதும்) எடுத்து, மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து மூடி, வெளிச்சம் படாமல் குளிர்ச்சியாக வையுங்கள். பிளாஸ்டிக் கூடாது; அதிலிருக்கும் வேதிப்பொருளும் கலந்துவிடும். ஆனால் உங்கள் பாட்டிலை வைத்துச் சட்டப்படி யாரையும் தண்டிக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, முறைப்படி பிரித்து முத்திரையிட்டு எடுத்த மாதிரிதான் செல்லும். உங்கள் பாட்டிலின் வேலை அவரை வரவழைப்பது. அவர் வந்து எடுக்கும்போது பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் எடுத்தார் என்று படம் எடுங்கள். கறுப்பு ஓரத்தில் நிற்க, நடு ஆற்றில் தெளிந்த தண்ணீரை மொண்டு போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

மனு

கோபத்தில் எழுதும் மனு இப்படி இருக்கும்: 'இரக்கமற்ற நிறுவனம் வாயில்லா ஜீவன்களைக் கொன்று குவித்திருக்கிறது. உடனடியாகக் கடும் நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' வாங்குகிறவருக்கு இதைவிட வசதியான மனு இல்லை. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'இன்ன தேதி காலை 7.40 மணிக்கு, இன்ன குப்பத்தின் படகுத்துறைக்கு வடக்கே, மார்பும் வயிறும் கறுத்த நான்கு கூழைக்கடாக்களைக் கண்டேன். ஒன்று பறக்கவில்லை. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பட்டை இருந்தது. படங்கள் 1 முதல் 9 இணைப்பில். 8.15க்கு வனத்துறைக்குப் போன் செய்தேன். (அ) பறவைகளை மீட்க எப்போது ஆள் வருவார்கள், (ஆ) மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எந்தெந்த இடத்தில் மாதிரி எடுக்கப் போகிறது, (இ) எண்ணெய் பரவாமல் மிதவைத் தடுப்பு எப்போது போடப்படும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.' கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், தள்ளிவிட முடியாது. மாவட்ட ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வனத்துறை, மீன்வளத்துறை நான்கு பேருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள், மற்ற மூவருக்கும் நகல் போயிருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் தெரியட்டும். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதும்போது கண்டதை மட்டும் எழுதுங்கள். 'அந்தக் கம்பெனிதான் வேண்டுமென்றே திறந்துவிட்டது' என்று ஊகித்துப் போஸ்ட் போட்டால், அவதூறு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும், எண்ணெயைப் பற்றிய பேச்சு உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும்.

2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். நேரடியாகப் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, படகு பழுதுபார்க்க 787 பேருக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. போதுமா என்று கேட்டால் முகத்துவாரத்தில் ஒருவரும் போதும் என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் கணக்கில் பறவைக்கோ அலையாத்திக்கோ ஒரு வரி இல்லை. ஆனால் சட்டத்தில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எதற்கெல்லாம் இழப்பீடு கேட்கலாம் என்று பட்டியல் போடுகிறது; நீர்வாழ் உயிர்கள் உட்பட விலங்கினங்களுக்கு ஏற்பட்ட சேதம் அதில் தனித் தலைப்பு. 17ஆம் பிரிவுப்படி, விபத்து என்றால் நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. சேதம் நடந்தது, இவர்களிடமிருந்து வந்தது என்று காட்டினால் போதும். மேலே படத்துக்கு நான் இவ்வளவு நீட்டி எழுதியதற்குக் காரணம் இந்த இரண்டு விஷயம்தான்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்தில் கலசமகாலில் இருக்கிறது. நீங்களே நேரில் மனு போடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். காலக்கெடுவை மறக்காதீர்கள். உத்தரவு கேட்டு 14ஆம் பிரிவில் போனால் ஆறு மாதம், இழப்பீடும் சூழலைச் சரிசெய்வதும் கேட்டு 15ஆம் பிரிவில் போனால் ஐந்து வருடம். 'அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க' என்று யாராவது சொன்னால் காலண்டரைப் பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி எல்லோருக்கும் தெரியும், பத்து ரூபாய், முப்பது நாள். என்ன கேட்பது என்பதுதான் விஷயம். மீட்ட பறவை எத்தனை, செத்தது எத்தனை, விட்டது எத்தனை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல், அள்ளிய எண்ணெய்க் கழிவு எங்கே கொட்டப்பட்டது, மழைநீர் வடிகாலைக் கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள். பொதுத்துறை நிறுவனம் என்றால் அதனிடமே நேராகக் கேட்கலாம்.

பெட்ரோல் பங்க்கைப் புறக்கணிக்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். எக்ஸான் வால்டீஸ் சமயத்தில் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் அந்த நிறுவனத்தின் கிரெடிட் கார்டை வெட்டித் தபாலில் திருப்பி அனுப்பினார்கள். கோபத்துக்கு அது நல்ல வடிகால். ஆனால் 1994இல் ஜூரி விதித்த 500 கோடி டாலர் தண்டனைத் தொகையை 2008இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 50 கோடிக்குக் குறைத்தபோது கார்டை வெட்டியவர்கள் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்தின் கிணறு வெடித்தபோதும் லூசியானாவின் பழுப்புக் கூழைக்கடா படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இயற்கை வளச் சேதத்துக்கென்று 880 கோடி டாலர் வரை கட்ட வைத்தது, பல வருடம் கரைகரையாகப் போய் எடுத்த கள அளவீடுகள்.

அப்படி அளக்க, எண்ணெய்க்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். 'இங்கே எப்பவும் இவ்வளவு பறவைதான்' என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? எண்ணெய் இல்லாத நாளில் போய், ஒரே பாலத்தில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே கோணத்தில் மாதம் ஒரு படம் எடுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், கால் மணி நேரம் நின்று எண்ணி, இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். பறவைப் பெயர் தெரியாவிட்டால் தெரிந்த பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் கடையில் லேமினேஷன் பார்க்கும் பையன் இப்போது உள்ளானிலேயே நாலு வகை சொல்கிறான். படங்களை 'எண்ணூர், மாதம், வருடம்' என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கல்யாண ஆல்பத்தோடு கலந்துவிட வேண்டாம்.